வெள்ளிக்கிழமை கூடும் ஊர்



நம் வட்டாரத்து ஊர்களின் வரலாற்றைச் சொல்லிவரும் இந்த வரிசையில் இன்று பல்லாவரம். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்ரயிலில் பரங்கிமலை தாண்டி, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம் கடந்தால் அடுத்து வருகிற நிலையம். "பல்லாவரத்துக்கு என்ன ஃபாதர் வரலாறு? டிராஃபிக் ஜாம்தானே வரலாறு" என்று நம் பங்கு மக்களே சிரித்தார்கள். நாசரேத்தைப் பற்றி நத்தனியேலும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்டார் என்பது நம் நினைவுக்கு வந்தது.

ஓர் ஒப்புமையோடு தொடங்குவோம். இங்கிலாந்தில் சந்தை ஊர் என்றே ஒரு வகை உண்டு. கிராமத்தைவிடப் பெரியது, நகரத்தைவிடச் சிறியது. நடுவில் ஒரு சதுக்கம், அருகில் ஒரு கோவில், வாரத்தில் ஒரு நாள் சந்தை. அந்தச் சந்தையை நினைத்தபடி எவரும் தொடங்கிவிட முடியாது. இன்ன கிழமையில், இன்ன இடத்தில் சந்தை கூட்டிச் சுங்கம் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசன் பட்டயம் தரவேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் என்ற சட்ட அறிஞரின் பெயரால் வழங்கும் நூல், ஒரு சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் இடையே குறைந்தது ஆறே முக்கால் மைல் இருக்கவேண்டும் என்கிறது. சரியாகச் சொன்னால் ஆறும் மூன்றில் இரண்டும். கணக்கு எளிமையானது. மனிதன் ஒரு நாளில் இருபது மைல் நடப்பான். அந்த நாளை மூன்றாகப் பிரித்தால் போவதற்கு ஒரு பங்கு, வாங்கி விற்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. அந்தச் சட்டம் அளந்தது உழவனின் காலை. அந்த ஊர்களில் பலவற்றில் அந்தப் பட்டயம் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

பல்லாவரத்திலும் வெள்ளிதோறும் சந்தை கூடுகிறது. இருநூறு ஆண்டுப் பழமை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பட்டயம் என்று எதையும் நாம் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஊரைப் பற்றிய வேறு எழுத்துகள் ஏராளமாக உண்டு. எழுதியவர்கள் யார், எதற்காக எழுதினார்கள் என்பதைக் கொஞ்சம் கவனிப்போம்.

முதலில் எழுதியவன் அரசன். பல்லாவரத்தின் குன்று ஒன்றில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரை எடுத்தான். ஐந்து கருவறைகள். தூண்களுக்கு மேலேயுள்ள உத்திரத்தில் அவனுடைய விருதுப் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. பல்லவபுரம் என்பதே பல்லாவரம் ஆயிற்று என்பார்கள். இன்று அந்தக் குகை இஸ்லாமியச் சகோதரர்களின் வழிபாட்டிடம். ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டுகளாக ஒரே பாறையில் யாரோ ஒருவர் இறைவனைத் தேடிவந்துகொண்டிருக்கிறார் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கல்வெட்டில் இருப்பது மன்னனின் பெயர்கள். பாறையைக் குடைந்த கல்தச்சன் தன் பெயரை வெட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தவர்கள் பட்டாளத்தார். ஆங்கிலேயர் பரங்கிமலையில் பீரங்கிப் படையை வைத்தார்கள். பல்லாவரத்தில் இந்தியச் சிப்பாய்களின் படைப்பிரிவுகள் தங்கின. ஓய்வுபெற்ற ஐரோப்பியப் படைவீரர்கள் பலர் ஊர் திரும்பாமல், பென்ஷன் பணத்தில் இங்கேயே குடியிருந்தார்கள். இன்றும் பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் என்று இரண்டு ஊரையும் ஒரே மூச்சில் சொல்வது அதனால்தான். பட்டாளம் இருக்கும் இடத்தில் பஜார் இருக்கும், பஜார் இருக்கும் இடத்துக்குச் சுற்றுப்பட்டு உழவர்கள் வண்டி கட்டுவார்கள். பம்மல், அனகாபுத்தூர், திருநீர்மலை, பொழிச்சலூர் எல்லாம் ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். பட்டாளத்துக்கு அரிசியும் வைக்கோலும் காய்கறியும் வேண்டும், உழவருக்குக் காசு வேண்டும். நம் சந்தை அந்தத் தேவையில் வளர்ந்திருக்கும் என்பது நம் ஊகம். மன்னன் பட்டயம் தரவில்லை, பசி தந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாளம் இருந்ததால் அளவையாளர்களும் நிலவியலாளர்களும் வந்தார்கள். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏழரை மைல். கையிலிருந்தது நூறு அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் மரத்தொட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, ஏறக்குறைய நானூறு முறை அந்தச் சங்கிலியைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். 57 நாட்கள் ஆயின, அதுவும் சித்திரை, வைகாசி வெயிலில்! பின்னாளில் இமயம்வரை சென்று எவரெஸ்டின் உயரத்தைச் சொன்ன மாபெரும் முக்கோண அளவைக்கு அந்தக் கோடுதான் அடித்தளம். லாம்டனுக்குப் பரங்கிமலையில் மார்பளவுச் சிலை உண்டு. சங்கிலி சுமந்தவர்கள் எந்த ஊரார் என்பதற்கு ஒரு பலகைகூட இல்லை.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரம் அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிய சரளைக் குழி ஒன்றில் செதுக்கப்பட்ட ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி. இந்தியாவில் அப்படிப்பட்ட மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் அறிவியல் சான்று அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கம் சென்று அங்கே அதிகமாகக் கண்டெடுத்தார்கள். அத்திரம்பாக்கக் கருவிகளில் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று அண்மைய ஆய்வுகள் சொல்கின்றன. இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், "அப்படியானால் தொடக்கநூல்?" என்று கேட்பது வழக்கம். தொடக்கநூல் நம்மைப் படைத்தவர் யார் என்று சொல்ல எழுதப்பட்டது. சரளைக் கல்லின் வயதை அதில் தேடவேண்டாம். அந்தக் கேள்வியை இன்னொரு நாள் விரிவாகப் பார்ப்போம்.

ஃபூட்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஐயமே இல்லை. ஆனால் அந்தக் குழியை அவர் தோண்டவில்லை. சரளைக்காக யாரோ கூலிக்காரர்கள் தோண்டிய குழி அது. இப்படிப்பட்ட கற்கள் அவர்கள் மண்வெட்டியில் எத்தனை முறை இடறினவோ!

அதன்பின் 1880களின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ இங்கே அகழ்ந்து, கால்கள் வைத்த சுட்டமண் ஈமப்பேழைகளை எடுத்தார். 1893இல் தாமஸ் ஹாலந்து இந்தக் குன்றுகளின் கருநீலப் பாறைக்குப் பெயர் வைத்தார். வைத்த பெயர் சார்னோகைட். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் நம் பக்கத்துப் பாறை, மெட்ராஸிலிருந்து கப்பலில் போனது. கல்லறையில் கிடந்த கல்லைப் பார்த்து, கல்லறையில் கிடந்தவர் பெயரை அதற்குச் சூட்டினார்கள். இன்று உலகம் முழுவதும் புவியியல் மாணவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். பல்லாவரைட் என்று வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று நமக்கு ஓர் ஆதங்கம் உண்டு!

அந்தக் கல்தான் இந்த ஊரின் முதல் விளைச்சல். அதை உடைத்து உடைத்துச் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. பல்லாவரம், திரிசூலம், பம்மல் குன்றுகளின் விலாவில் பெரிய பெரிய பள்ளங்கள் மிஞ்சின. பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, விமானத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அழகான பச்சைக் குளங்களாகத் தெரிகின்றன. கோடையில் அவற்றில் குளிக்கப்போய் உயிரிழந்த பிள்ளைகளுக்கு அடக்கத் திருப்பலி வைத்த பங்குத்தந்தையர் நம்மில் உண்டு. அந்தக் குளங்களை அழகு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

கல்லுக்கு அடுத்தது தோல். 1910களில் ஜி.ஏ. சேம்பர்ஸ் தெற்கே நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டை என்ற பெயரே வந்தது. நாகல்கேணி வரை தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின. ஊருக்குச் சோறு கிடைத்தது, கிணறுகள் கெட்டன. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் பல்லாவரத்தில் தூங்கி நகரத்தில் வேலை பார்க்கும் குடும்பங்கள் பெருகின. பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கம் சாலை போனது. மிஞ்சிய நீரில் ஊர்க்குப்பை விழுந்தது. இந்தக் கதையைத் தென்சென்னையில் எந்த ஏரிக்கரையில் இருப்பவரும் சொல்வார், நாம் நீட்டவேண்டாம்.

இனி சந்தைக்கு வருவோம். வெள்ளி காலையில் பழைய டிரங்க் ரோட்டில் போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் ரோஜாக்கன்று, கறிவேப்பிலைக் கன்று, மண்தொட்டி. தள்ளி, கூண்டில் புறா, கோழி, முயல். பாலித்தீன் பையில் வண்ணமீன். அப்புறம் கருவாடு, காய்கறி, பாய், முறம். அப்புறம்தான் இந்தச் சந்தையின் உயிர்நாடியான பழைய சாமான்கள்: கைப்பிடி இல்லாத சுத்தியல், ஒற்றைக் கதவு, தையல் மெஷினின் சக்கரம், ரிமோட், மூக்குக்கண்ணாடி, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பத்தின் வெறும் அட்டை. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பிறகு, இப்படிப்பட்ட பண்டங்களைத் தேடி அலையும் மனிதர்களுக்கு இது ஒரு புகலிடம். எலெக்ட்ரீஷியன் இங்கே பழைய ஃபேன் வாங்கிப் பழுதுபார்த்து மறுவாரம் விற்கிறார். புதிதாக வாடகைவீடு பிடித்த வடமாநிலத் தொழிலாளி ஒரு பாத்திரம், ஒரு பாய், ஒரு டேபிள் ஃபேனோடு குடித்தனம் தொடங்குகிறார். தவக்காலத்து வெள்ளிகளில் மாலைச் சிலுவைப்பாதைக்குச் சிலர் கையில் செடியோடு வருவதுண்டு. கோவில் தூணோரம் வைத்துவிட்டு முழந்தாளிடுகிறார்கள். நாம் ஒன்றும் சொல்வதில்லை.

கவனித்துப் பாருங்கள். மன்னன், தளபதி, அளவையாளர், நிலவியலாளர், முதலாளி என இந்த ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றை இங்கிருந்து எடுக்க வந்தவர்கள். எடுத்ததை எழுதியும் வைத்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல நாம் சொல்வது. பல்லாவரத்தார் தாமாகக் கூடி, வாரந்தோறும் தாமே நடத்திவரும் ஒரே காரியம் இந்தச் சந்தை. அதைப் பற்றித்தான் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம் நகராட்சி அதில் கரைந்தது. பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் கூடவே கரைந்தன. வட்டமும் சட்டமன்றத் தொகுதியும் பல்லாவரம் பெயரில் உள்ளன. ஆனால் தனக்கென ஒரு மன்றமும் தலைவரும் உள்ள ஊராக அது இன்று இல்லை. சந்தை கூடுவது கன்டோன்மென்ட் நிலத்தில். கன்டோன்மென்ட்டுகளின் பொதுமக்கள் பகுதிகளைப் பக்கத்து உள்ளாட்சிகளோடு இணைக்கும் பேச்சும் சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. 2020இல் திறந்த மேம்பாலத்தில் போகிறவர்களுக்குச் சந்தை கண்ணில்படுவதே இல்லை. கீழே மாட்டிக்கொள்கிறவர்களுக்கோ அது நெரிசலாக மட்டுமே தெரிகிறது. நாளை ஓர் அதிகாரி, நல்லெண்ணத்தோடுதான், "இது எப்போதிலிருந்து நடக்கிறது, என்ன ஆதாரம்?" என்று கேட்டால், கடை போடுகிறவர்கள் எதைக் காட்டுவார்கள்? இங்கிலாந்துச் சந்தை ஊர் தன் பட்டயத்தை எடுத்து நீட்டும். நம்மவர்களிடம் இருப்பது சுங்கம் கட்டிய சீட்டு, அதுவும் போன வாரத்துச் சீட்டு.

ஆகவே நம் பங்கு இளைஞர்கள் சிலரை நோட்டுப்புத்தகத்தோடு அனுப்பி, நாமும் உடன் சென்று, வயதான வியாபாரிகளிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். எந்த ஆண்டிலிருந்து வருகிறீர்கள், உங்களுக்கு முன் இந்த இடத்தில் யார் கடை போட்டார், எந்தப் பொருள் வருவது நின்றுபோனது. பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. இரண்டு நோட்டு நிரம்பியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கேனும் பழைய சந்தை நினைவிருந்தால், திருப்பலி முடிந்ததும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

எல்லாரும் ஒரே குரலில் சொல்கிற செய்தி ஒன்று: இது முதலில் மாட்டுச் சந்தை. எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர், மாடுகள் கட்டிய இடத்தைக் கைகாட்டினார். இப்போது அங்கே பழைய செல்போன் சார்ஜர்கள் குவிந்துகிடக்கின்றன. விலையை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்களாம். தரகரும் வாங்குகிறவரும் கைமேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்தே பேரம் முடிப்பார்களாம். எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று இளைஞர்கள் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்கள். பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, நம் கையைப் பிடித்து, மேலே போர்த்தினார். இரண்டு விரலை அழுத்திவிட்டு, "இப்ப சொல்லுங்க ஃபாதர், மாடு என்ன விலை?" என்றார். நமக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் அந்தப் பக்கத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறார்கள்.