யூரியா தெளித்தபின் இலை நுனி மஞ்சளாகிறதா? பையூரெட்டைக் கவனியுங்கள்

எலுமிச்சை, சாத்துக்குடி மரங்களுக்குச் சரியான அளவில் யூரியா தெளித்தும் இலை நுனி மஞ்சளாகிறதா? யூரியாவில் உள்ள 'பையூரெட்' காரணமாக இருக்கலாம். இது யாரும் சேர்த்த கலப்படம் அல்ல. ஆலையில் யூரியா தயாராகும்போதே உருவாகும் கழிவுப் பொருள்.

அமோனியாவையும் கரியமில வாயுவையும் அதிக அழுத்தத்தில், சுமார் 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சேர்த்து யூரியா கரைசல் தயாரிக்கிறார்கள். அதிலுள்ள நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, உருகிய யூரியாவை உயரமான கோபுரத்திலிருந்து துளிகளாக விழச்செய்தால் குருணை கிடைக்கிறது. யூரியா உருகுவது 133 டிகிரியில். அந்தச் சூட்டில் கூடுதல் நேரம் நின்றால், இரண்டு யூரியா மூலக்கூறுகள் சேர்ந்து பையூரெட்டாகி, அமோனியா வெளியேறும்.

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் இருக்க வேண்டும், பையூரெட் 1.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த அளவு, மண்ணில் இடும்போது பெரும்பாலான பயிர்களைப் பாதிப்பதில்லை. ஆனால், எலுமிச்சை வகை மரங்களின் இலைகள் இதைத் தாங்காது. பாதித்த இலை மீண்டும் பச்சையாவதும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* இலைவழித் தெளிப்புக்குப் பையூரெட் குறைந்த (0.25 சதவீதத்துக்குள்) யூரியாவைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தெளிக்காமல் மண்ணில் இடுங்கள்.
* லிட்டருக்கு 10 கிராம் (1 சதவீதம்) என்ற அளவில் கரைத்து, முதலில் இரண்டு மரங்களில் மட்டும் தெளித்துப் பாருங்கள்.
* வெயில் நேரத்தில் தெளிக்காதீர்கள்.
* மூட்டையில் அச்சிட்டுள்ள பையூரெட் அளவைப் பார்த்து வாங்கி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.