தாயின் குரலேற்ற பிரசங்கி

யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் மரியாள் சிலுவையருகே நிற்கிறாள். நிற்கிறாள் என்பதோடு சரி. அவள் சொல் ஒன்றேனும் அங்கில்லை. நற்செய்தியாளர் வாய்மூடிய அவ்விடத்தில் தமிழ்ப் பிரசங்கி ஒருவர் வாய்திறந்தார்.

கோவாவில் 1676இல் பிறந்து, 1705இல் இலங்கை சேர்ந்து, தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் நூல் யாத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளே அவர். அக்காலத்தே ஒல்லாந்தர் ஆட்சி கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்தது. அவருக்கு முன்னவரான யோசேவாஸ் அடிகள் 1687இல் இரவலர் கோலத்தில் அல்லவா கரையேறினார்! குரு வரவியலாத ஊரில் எழுதிவைத்த பிரசங்கமே குருவாயிற்று. அடிகள் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலந்தோறும் இராகம் இழுத்து வாசிக்கப்பெற்று வந்தது. அதில் மரியாளின் துயரம் ஒப்பாரியாகிறது.

இலத்தீனில் 'ஸ்தாபாத் மாதேர்' பாடுவோன் தாயின் எதிரே நின்று அவளைக் காண்பவன். ஒப்பாரியில் காண்பவனுக்கு இடமில்லை. அழுபவள் 'நான்', கிடப்பவன் 'நீ'. மீசை நரைத்த ஆடவர் வாசிப்பினும், வாசித்து முடியும்வரை அவர் தாயே.

தமிழுக்கு இது புதிதன்று. தலைவி கூற்றும் தோழி கூற்றும் கேட்டுப் பழகிய செவி நம்முடையது. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் தேவகியாகவும், பின்னர்த் தயரதனாகவும் புலம்பினார். நம்மூர் அம்மையாரின் வழி வேறு. அவர் பிறர் குரலை ஏற்றாரல்லர், தம்மையே பேயென்று பெயரிட்டுப் பாடினார்.

இவ்வகைப் பிரசங்கம் எழுதுவோர் முதலில் கேட்க வேண்டுவது, அந்நாழிகையில் அப்பாத்திரம் எதனை அறிந்திருந்தது என்பதே. ஆழ்வாரின் தயரதன் இராவண வதத்தை அறியான். வெள்ளிக்கிழமை அழும் தாயின் நாவில் ஞாயிற்றுக்கிழமையின் வெற்றியை ஏற்றினால் ஒப்பாரி மறைக்கல்வியாகிவிடும். கேட்போர் ஞாயிற்றை அறிவர், அவள் அறியாள். அவர்தம் நெஞ்சு கலங்குவது அதனால்தான். பேதுருவாக நின்று பேசிய பிரசங்கியார் ஒருவரை நான் கேட்டதுண்டு. கரிநெருப்பில் குளிர்காயும் செம்படவர், பிற்கால நூற்றாண்டுகளின் கோட்பாடுகளையெல்லாம் அழகாக விளக்கினார்! அவர் கையில் வலையின் ஈரமே இல்லை. இரவெல்லாம் வலைவீசி வெறுங்கையோடு திரும்புவது இன்னதென்று அறிந்த எங்கள் மேட்டார் முன்னே பேதுருவாக நிற்பது எளிதன்று.

ஒப்பாரியை இலக்கியத்துள் சேர்க்கத் தயங்கும் புலவர் நம் வட்டத்திலும் உளர். வியாகுலப் பிரசங்கத்தை ஏட்டில் மட்டும் படித்து, கூறியது கூறல் என்று குற்றங் காண்பதும் எளிது. நானும் முன்னொரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். 2004 டிசம்பர் 26க்குப் பின், காரைக்கால்மேட்டுக் கரையில் பெண்கள் ஒரே பெயரை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழக் கேட்டேன். வீடு திரும்பி, அப்பிரசங்கத்தை முதன்முறையாக வாய்விட்டு வாசித்தேன்.