நீலகிரியின் மூட்டுவலித் தைலங்கள்

முழங்காலில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு நாளடைவில் தேய்ந்து, நடப்பதும் படியேறுவதும் வலி தரும் நிலையை மருத்துவம் மூட்டுத் தேய்மானம் என்கிறது. இத்தகைய வலிக்கு மேலே தடவுவதற்கென நீலகிரி மலை சமவெளிக்கு அனுப்பிய பொருள்கள் இரண்டு: கற்பூர மரம் என்று மலைமக்கள் அழைக்கும் யூகலிப்டஸின் தைலமும், சோலையோரப் புதர் ஒன்றின் இலையிலிருந்து வடிக்கப்படும் விண்டர்கிரீன் தைலமும். வலியைத் தணிக்கும் வேதிப்பொருளை மிகுதியாகக் கொண்டது பின்னது. ஆயினும் மலையின் பெயரைத் தாங்கி வீடுதோறும் நுழைந்தது முன்னதே. இந்த முரணின் காரணத்தை மருத்துவ நூல்களைவிட மலையின் விறகுக் கணக்கில்தான் தேட வேண்டியிருக்கிறது.

உதகமண்டலமும் குன்னூரும் வெள்ளையர் குடியிருப்புகளாக வளர்ந்தபோது, குளிர்காயவும் சமைக்கவும் சோலைக்காடுகள் வெட்டப்பட்டு விறகுப் பஞ்சம் தோன்றியது. 1843-இல் கேப்டன் காட்டன் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்ததாகச் சொல்லப்படும் நீலப் பிசின் யூகலிப்டஸ், விரைந்து வளர்வதோடு வெட்டிய அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கவும் செய்ததால், அப்பஞ்சத்துக்கு விடையாயிற்று. 1863-இல் உதகை அருகே ஆரம்பி என்னும் யூகலிப்டஸ் தோட்டம் நடப்பட்டது.

இம்மரத்தின் மருத்துவப் புகழுக்கு அக்கால அறிவியல் நம்பிக்கை ஒன்றும் துணைநின்றது. ஜெர்மானிய வேதியியலாளர் ஷோன்பைன் 1840-இல் பெயரிட்ட ஓசோன், ஆக்சிஜனின் மூன்று அணுக்கள் சேர்ந்த வாயு. மலைக்காற்றின் நலம் அதனாலேயே விளைகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் பலர் கருதினர். பைன், யூகலிப்டஸ் ஆகியவற்றின் ஆவித்தைலம் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைகையில் கிருமிநாசினியான ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது என்று ஆங்கிலேய வேதியியலாளர் கிங்செட் வாதிட்டதும் இதே சிந்தனைப் போக்கில் எழுந்ததே.

யூகலிப்டஸ் தைலம் வடிப்போர் ஓடைக்கரைகளில் கீற்றுக்கொட்டகை அமைத்து, செம்புக் கலத்தில் இலையையும் நீரையும் இட்டு அடியில் தீ மூட்டுவர். ஆவி ஓடைநீரால் குளிரும் குழாய் வழியே இறங்க, நீரைவிட இலேசான தைலம் மேலே மிதக்கும். மரம் விறகுக்கென வெட்டப்பட்டதால் இலை ஏறக்குறைய விலையின்றிக் கிடைத்தது. வடித்துக் கழித்த சருகே அடுத்த காய்ச்சலுக்கு எரிபொருளும் ஆயிற்று. மருந்தின் விலையை விறகு வாணிகமே ஏற்றுக்கொண்டது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

விண்டர்கிரீனுக்கு அத்தகைய ஆதரவு இல்லை. 1819 வாக்கில் நீலகிரியில் தாவரம் சேகரித்த பிரெஞ்சுக்காரர் லெஷெனோவின் பெயரை அறிவியல் வழக்கில் பெற்றிருந்த அச்செடி தாழ்ந்த புதர். அதன் இலையை ஒவ்வொரு கிளையாகப் பறித்து, நீரில் ஊறவைத்த பின்பே வடிக்க வேண்டும். சின்கோனாப் பட்டையை ஆராய அரசு நியமித்த வேதியியலாளர் பிராட்டன், அதன் தைலம் கனடாவின் விண்டர்கிரீன் தைலத்தை ஏறக்குறைய ஒத்தது என்று காட்டினார். இரண்டிலும் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினின் உறவுப்பொருள். அதிலிருந்து கார்பாலிக் அமிலமும் எடுத்துப் பார்த்த அவர், நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பதே மலிவு என்று கண்டார். வேதியியலாளர் கோல்பேயின் முறையில் 1874-இல் டிரெஸ்டனில் சாலிசிலிக் அமிலம் தொழிற்சாலைப் பொருளானதும், மெத்தில் சாலிசிலேட்டையும் இலையின்றியே செய்ய வழி பிறந்தது. எதனால் பயன் என்பது தெரிந்ததே அச்செடியின் வாணிகத்துக்கு இடரானது.

இவ்விரு தைலங்களும் தோலில் எரிச்சலையோ குளிர்ச்சியையோ எழுப்பி வலியுணர்வைத் திசைதிருப்புகின்றன. தேய்ந்த குருத்தெலும்பை மீட்பதில்லை. விண்டர்கிரீன் தைலத்தை விழுங்கினால் ஒரு தேக்கரண்டியளவே குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகும். ஒரு காலத்தில் மலைக்காற்றின் நலமாகக் கருதப்பட்ட ஓசோன், இன்று ஆக்சிஜனுடன் கலந்து முழங்கால் மூட்டினுள் ஊசிவழிச் செலுத்தப்படுகிறது. சில ஆய்வுகளில் குறுகிய கால வலிநிவாரணம் தெரிந்தாலும் நீடித்த பயன் உறுதிப்படவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு விதிகள் அதனை, அறியப்பட்ட மருத்துவப் பயனற்ற நச்சு வாயு என்றே வகைப்படுத்துகின்றன. ஒரு சிகிச்சை பரவியிருப்பதை அதன் பயனுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதை, விறகின் தோளேறி நிலைத்த யூகலிப்டஸ் தைலத்தின் வரலாறு முன்பே உணர்த்தியிருக்கிறது.