அடியார் என்னும் திருநாமம் பெண்பாலில் பட்ட பாடு

ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு 'அடியார்' என்பதினும் மேலான பெயர் வேறில்லை. விப்ரநாராயணர் தொண்டரடிப்பொடி என்று திருநாமம் பெற்றதும் இதுபற்றியே. ஆயின் அதே சொல் பெண்பாலாரைக் குறித்தவிடத்து அதற்கு நேர்ந்த கதி பரிதாபமானது.

சோழர்காலக் கல்வெட்டுக்களில் சிவாலயத்துப் பெண்டிர் 'தேவரடியார்' என்றும், விஷ்ணு ஆலயத்துப் பெண்டிர் 'எம்பெருமானடியார்' என்றும் வழங்கப்பெற்றனர். தம் பொருளைக் கொடுத்துத் திருநந்தாவிளக்கு ஏற்றுவித்தோர் அவருள் உண்டு. தஞ்சைப் பெரியகோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல்லும் நிவந்தமாக விதிக்கப்பட்டன. இவ்வாறு மதிப்புடன் கல்லில் வெட்டப்பட்ட பெயரே பிற்காலத்தில் தெருச்சண்டையின் வசவாய் முடிந்தது. கோயிலின் ஆதரவு குன்றக்குன்ற, அவர்கள் செல்வரை அண்டிப் பிழைக்க நேர்ந்தது. அதனால் வந்த பழி முழுதும் பெண்ணையே சேர்ந்தது. நாடிச்சென்ற ஆடவரை அப்பழி அத்துணைச் சுடவில்லை.

விட்டு விலகினோரையும் இப்பழி விடவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் வந்த 1929-ஆம் ஆண்டுச் சட்டம் மானிய நிலங்களைக் கோயில் ஊழியக் கட்டினின்று விடுவித்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலை அறவே விலக்கியது. ஆயினும் இடைப்பட்ட 1930-ஐ ஒட்டி, அக்குலத்துச் சிறுமியர் சிலருக்குச் சென்னை மாணவியர் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டது. அவர்களைத் தம் இல்லத்தில் அம்மையார் ஏற்றதே அவ்வை இல்லத்தின் தோற்றுவாய். சட்டம் நிலத்தை மீட்டது, பெயரை மீட்கவில்லை.

நம் குருபரம்பரையிலும் இவ்வேற்றுமையைக் காணலாம். தேவதேவியின் மனையில் மயங்கிக்கிடந்த விப்ரநாராயணரை, பொன்வட்டில் வியாஜமாகப் பெரியபெருமாள் மீட்டருளினார். பின்பு ஆழ்வாரின் பழைய நிலையை எடுத்து இகழ்வார் எவருமிலர். தேவதேவியோ இன்றும் கணிகை என்ற ஒரு பெயராலேயே நினைக்கப்படுகிறாள். ஒரே மனையில் நிகழ்ந்தது ஒருவருக்குச் சரித்திரமாயிற்று, மற்றவருக்குக் களங்கமாயிற்று.

பாகவதர்களின் பிறப்பை ஆராய்வது கொடிய அபசாரமென்று ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்துள்ளார். உடம்புள்ளளவும் தொடரும் பிறப்பையே ஆராயலாகாது எனில், விட்டொழிந்த வாழ்வைக் கிளறுவது ஆகாதென்பது கைமுதிக நியாயத்தால் சித்தம். அடியார் என்ற சொல்லை நித்யாநுஸந்தானத்தில் ஓதும் நாவு, அச்சொல்லையே வசவாக்காதிருத்தல் முதற்கடன். திருவடி பற்றி வந்தவளை எங்கிருந்து வந்தாயென்று வினவாதிருத்தல் அடுத்த கடன்.