ஏழைக் கடல்

வளம் என்று சொன்னதும் நம் மனத்தில் தோன்றுவது எருவும் வண்டலுந்தான். எரு போட்ட வயல் செழிக்கிறது. வண்டல் படிந்த கரை பொன் விளைகிறது. இந்த நம்பிக்கையோடு ஒருவர் வெப்பக் கடலின் பவளப் பாறைகளைக் காணச் சென்றால் திகைத்துப் போவார். அங்கே உயிர்கள் திருவிழாக் கூட்டம் போல் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்கின்றன. ஆனால் அவற்றைச் சூழ்ந்த நீரோ, படிகம் போல் தெளிந்திருக்கிறது. நீரின் தெளிவு அழகுக்கு மட்டும் அடையாளம் அன்று. வறுமைக்கும் அதுவே அடையாளம். பாசிகளுக்கு எருவாகும் பாஸ்பேட் என்ற உப்பு அந்த நீரில் இல்லையென்றே சொல்லிவிடலாம்.

இவ்வளவு ஏழைக் கடலில் இவ்வளவு பெரிய குடித்தனம் எப்படி நடக்கிறது? 1928-ம் ஆண்டில் யங் என்ற ஆங்கில விஞ்ஞானி ஒரு குழுவோடு ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டுக்குச் சென்று, ஓராண்டுக் காலம் தங்கி ஆராய்ந்தார். பவளப் பூச்சியின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருப்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. பூச்சி கழிக்கும் பாஸ்பேட்டைக் கடலில் கரைந்து போகவிடாமல் அந்தப் பாசிகளே வாங்கிக் கொள்கின்றன என்பதை யங்கின் குழுவினர் சோதனை செய்து காட்டினார்கள். சமையலறைக் கழிவு நீரை வீணாக்காமல் கொல்லை வாழைக்குப் பாய்ச்சும் இல்லத்தரசியை நாம் அறிவோம் அல்லவா? பவளக் குடும்பத்தின் சிக்கனமும் அப்படிப்பட்டதுதான்.

சிக்கனத்தில் பழகிய அந்தக் குடும்பத்துக்குத் திடீர்ச் செல்வம் ஒத்துக்கொள்வதில்லை. நீரில் பாஸ்பேட் மிகுந்தால் வெளியிலுள்ள முரட்டுப் பாசிகள் கொழுத்துப் பவளத்தை மூடிவிடுகின்றன. அது மட்டுமன்று. 1964-ம் ஆண்டில் சிம்கிஸ் என்ற உயிரியல் அறிஞர், சுண்ணாம்புப் படிகம் வளர்வதையே பாஸ்பேட் தடுக்கிறது என்று எழுதினார். படிகத்துக்கு அது நஞ்சு என்பது அவர் தந்த பெயர். பவளப் பூச்சி கட்டும் வீடோ சுண்ணாம்பு வீடு. கொத்தனாரின் கலவையில் யாரோ சர்க்கரையைக் கலந்துவிட்டால் சுவர் எப்படி எழும்பும்?

இந்த உண்மை தெரிவதற்கு வெகு காலம் முன்பே, கடலை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசை மனிதனுக்குப் பிறந்துவிட்டது. 1846-ம் ஆண்டில் அன்னா தின் என்ற பெருமாட்டி, டார்க்கீ என்ற கடற்கரை ஊரிலிருந்து சில கல்பவளங்களை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். புதிய கடல் நீர் வேண்டும்போதெல்லாம் கிடைக்குமா? ஆகவே அவர் வீட்டு வேலைக்காரப் பெண், திறந்த சன்னலருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு அந்த நீரை நாள்தோறும் அரைமணி, முக்கால் மணி நேரம் ஆற்றிக் கொண்டிருப்பாள். காப்பி ஆற்றுவது போலத்தான்! காற்றிலுள்ள பிராணவாயு நீரில் கலந்தது, பவளங்கள் பிழைத்தன. கதை எழுதுகிறவனாகிய எனக்கு இந்தச் சரித்திரம் முழுவதிலும் மிகவும் பிடித்த காட்சி இதுதான். இன்று மின்சார மோட்டார்கள் செய்யும் வேலையை ஒரு பெண்ணின் இரண்டு கைகள் செய்திருக்கின்றன.

1854-ம் ஆண்டில் பிலிப் காஸ் என்பவர் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்து முழுவதும் அந்த மோகம் பற்றிக்கொண்டது. அதன் விளைவு என்ன? கூடையும் உளியும் ஏந்திய கூட்டம் கடற்கரைப் பாறைகளைச் சூறையாடியது. தந்தையின் நூல் அதற்கு வழி செய்ததை மகன் எட்மண்டே பின்னாளில் வருத்தத்தோடு எழுதினார். அழகை நேசிப்பதும் அழிப்பதும் ஒரே கையால் நடக்கக் கூடியவை என்பதை மறந்துவிடக் கூடாது.

அன்னா தின் வளர்த்தவை குளிர்கடல் பவளங்கள். வெப்பக் கடலின் பவளங்கள், கடலுக்குத் தொலைவிலுள்ள வீடுகளில் நிலைத்து வாழ மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஜாகர்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் ஒட்டிய பாறைகளைக் கடலிலிருந்து எடுத்துத் தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டு வெற்றி கண்டார். 1961-ம் ஆண்டில் அந்த முறையைப் பத்திரிகையில் விளக்கினார். பிறகு ஜெர்மனியில், முக்கியமாகப் பெர்லின் நகரில், ஆர்வலர்கள் பாறையோடு வலுவான விளக்கையும், அழுக்கை நுரையாகத் திரட்டி நீக்கும் கருவியையும், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரையும் சேர்த்தார்கள். பவளங்கள் உயிர் வாழ்ந்ததோடு கிளைவிட்டு வளரவும் தொடங்கின.

ஆனாலும் ஒரு சங்கடம் தீரவில்லை. மீன்களுக்கு இரை போட்டாக வேண்டும். இரையிலே பாஸ்பேட் இருக்கிறது. கடலில் அது அகண்ட நீர்ப்பரப்பில் கரைந்துவிடும். தொட்டியிலோ வட்டிபோல் ஏறிக்கொண்டே போகும். அதோடு அழுகும் பொருள்களிலிருந்து கசியும் சாயம், நீரை வெளுத்த தேநீர்போல் மஞ்சளாக்கும். இந்த இரண்டுக்கும் இரண்டு மருந்துகள் கிடைத்தன. ஒன்று கரி, மற்றொன்று துரு.

கரியின் கதை பழையது. 1785-ம் ஆண்டில் ரஷ்யாவிலிருந்த லோவிட்ஸ் என்ற ரசாயனி, பழுப்பேறிய கரைசல் கரித்தூள் பட்டதும் நிறம் இழப்பதைக் கண்டார். சர்க்கரை ஆலைகள் அந்த வித்தையைப் பற்றிக்கொண்டன. 1915-ம் ஆண்டில் போர்க்களத்தில் நச்சுப்புகை பரவியபோது, வீரர்களின் முகமூடிக்குள் புகுந்து உயிர் காத்ததும் கரிதான். அதற்கு மிக உகந்தவற்றில் ஒன்று தேங்காய்ச் சிரட்டைக் கரி என்பது அப்போது தெரிந்தது. பதப்படுத்திய கரி ஒரு கிராமுக்குள் ஏறக்குறைய கால் ஏக்கர் பரப்பு நுண்துளைகளாக மடங்கிக் கிடக்கிறதாம்! தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நாம் துவையல் அரைத்தபின் எறிகின்ற சிரட்டை, எங்கோ ஒரு நாட்டில் பவளத்தின் நீரைத் தெளிவிக்கிறது.

துருவின் கதை அண்மைக் காலத்தது. குடிநீரில் கலந்த ஆர்ஸெனிக் நஞ்சை நீக்குவதற்காக, 1990-களில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரும்பு ஹைட்ராக்ஸைடைக் குருணையாக்கினார்கள். ரசாயன அட்டவணையில் ஆர்ஸெனிக்கும் பாஸ்பரஸும் ஒரே குடும்பம். அண்ணனைப் பிடிக்க வைத்த வலையில் தம்பியும் விழுந்தான். குடிநீருக்காகப் பிறந்த அந்தச் செம்பழுப்புக் குருணை பவளத் தொட்டிக்கும் வந்து சேர்ந்தது.

இவற்றைப் போட்டு வைக்கும் நிமிர்ந்த குழாய்க்கு ரியாக்டர் என்று பெரிய பெயர். அமைப்போ எளியது. அடியிலிருந்து ஏறும் நீர் குருணையை மெல்ல அசைத்துக்கொண்டு மேலே வழிகிறது. கொதிக்கத் தொடங்கும் உலையில் அரிசி புரளுமே, அந்த அளவு அசைவு போதும். வேகம் மிகுந்தால் குருணை ஒன்றோடொன்று உராய்ந்து தூளாகி, தொட்டி செம்மண் குளமாகும். அசைவே இல்லாவிட்டால் கட்டி தட்டிப் பயனற்றுப் போகும்.

இந்த மருந்துகளுக்கும் பத்தியம் உண்டு. பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்திய கரி, சாயத்தை வாங்கிக்கொண்டு பாஸ்பேட்டைக் கொடுத்துவிடக்கூடும். நெடுநாள் மஞ்சளாயிருந்த நீரை ஒரே நாளில் தெளிவித்தால், திடீரென ஊடுருவும் ஒளி தாங்காமல் பவளம் வெந்துவிடும். இவை எல்லாவற்றிலும் பெரிய பாடம் கடைசியில் வந்தது. பாஸ்பேட் பகையென்று கருதி அடியோடு துடைத்தவர்களின் தொட்டிகளில் பவளங்கள் வெளிறி மாண்டன. 2013-ம் ஆண்டில் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாஸ்பேட் பட்டினி கிடக்கும் பவளம் வெப்பத்தையும் ஒளியையும் தாங்கமாட்டாமல் எளிதில் வெளிறும் என்று எடுத்துக்காட்டினார்கள். ஏழை வேறு, பட்டினி கிடப்பவன் வேறு. தொட்டி வளர்ப்பவர்கள் குறிக்கும் வழக்கமான அளவு லிட்டருக்குச் சுமார் 0.03 மில்லிகிராம். ஆயிரம் லிட்டர் நீரில் சேர்த்துப் பார்த்தாலும் அது ஒரு சிட்டிகை உப்பின் எடைக்கு வராது. அவ்வளவு சிறியதுதான், அதுவும் இல்லாவிட்டால் உயிர் இல்லை.

பணக்காரர் வீட்டுக் கூடத்து அலங்காரத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன், கடல் நலமாக இருந்திருந்தால். 1998, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி உலகெங்கும் பவளங்கள் வெளிறின. 2024-ம் ஆண்டு ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளிறல் நடைபெறுவதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். 2023-ம் ஆண்டுக் கோடையில் பிளாரிடாவின் கடல் கொதித்தபோது, ஆயிரக்கணக்கான பவளங்களை அள்ளிக் கரையிலுள்ள தொட்டிகளில் அடைக்கலம் வைத்தார்கள். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்திலோ, 2013-ம் ஆண்டில், நிலவின் பிறைக் கணக்கையும் கடல் வெப்பத்தையும் தொட்டிக்குள் அமைத்துக் காட்டிப் பவளங்களை முட்டையிடச் செய்தார்கள். சன்னலருகே நீரை ஆற்றிய அந்தப் பெண் வாழ்ந்த அதே நகரில்!

கடலிலிருந்து கொள்ளையடித்துக் கண்ணாடியில் வைத்த காலம் ஒன்று உண்டு. கண்ணாடியில் கற்ற பாடத்தைக் கொண்டு கடலுக்கு மீண்டும் பவளத்தைக் கொடுக்க முயலும் காலம் இது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்றார்கள் பெரியவர்கள். தூய்மையும் அமுதங்களில் ஒன்றுதான் என்று பவளப் பூச்சி நமக்குச் சொல்கிறது. தொட்டி நீரைச் சோதித்து, ஒரு கரண்டிக் குருணையைக் கூட்டுவதா குறைப்பதா என்று தயங்கி நிற்கும் மனிதனை இனி நான் பொழுதுபோக்குக்காரன் என்று சொல்லமாட்டேன். கடலின் ஏழ்மைக்கு மரியாதை செய்யக் கற்றுக்கொண்டவன் அவன்.