உத்தரமேரூர்ச் சாசனமும் ஏரி வாரியமும்

உத்தரமேரூர்ச் சபையின் குடவோலை முறையைப் போற்றாதார் இலர். முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி. பி. 919, 921-இல், பொறிக்கப்பெற்ற இரு சாசனங்களையும் தேர்தற் பெருமைக்கே சான்றாக்குகின்றனர். தேர்தல் எதன்பொருட்டு நிகழ்ந்தது என்னும் வினாவோ எழுவதில்லை.

முப்பது குடும்புகளுக்கும் குடும்புக்கு ஒருவராகக் குடவோலை வழி எடுக்கப்பெற்ற முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்தினர். பன்னிருவர் தோட்ட வாரியத்தினர். எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்தினர். பணிக்காலம் 360 நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். நீரைக் காப்போரையும் கணக்கிற்குட்படுத்திய இவ்விதியே சாசனத்தின் உயிர்நிலை என்பது எம் கருத்து.

பல்லவர் காலத்தில் வயிரமேகத் தடாகம் எனப்பெற்ற அவ்வூர் ஏரி இன்றும் உளது. அதனைத் தூர்வாருதற்கு அறக்கட்டளைகள் இருந்தமையையும் கல்வெட்டுகளால் அறிகிறோம்.

மரபு முழுதும் கொள்ளத்தக்கதன்று. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் உடைய 35 முதல் 70 அகவையினரே குடவோலைக்கு உரியர். ஏரி நீரால் உழுது வாழ்ந்தோர்க்கு ஆங்கு இடமின்று. பிரமதேயச் சபையை மக்களாட்சி எனல் மிகையே. இன்று வாக்குரிமை அனைவர்க்கும் உண்டு. ஆதலின் கொள்ளற்குரியது கணக்குக் காட்டும் கடப்பாடாம். கோயிற் சுவரிற் சாசனத்தைக் காணும் மாணவர் ஏரிக்கரையையும் மதகையும் கண்டு வருதல் நன்று. தூர்வாரிய செலவை ஆண்டுதோறும் ஊரார் முன்னிலையிற் படித்தலும் அச்சாசனத்தைப் படித்தலேயாம்.