நனையாத இடம்

ஸ்கேட்போர்டின் கதையை எல்லோரும் வெயிலின் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அது தண்ணீரின் கதையாகத் தெரிகிறது. 1950களில் அலை இல்லாத நாட்களில் சும்மா இருக்க முடியாத கலிஃபோர்னியா சர்ஃபர்கள் பலகைக்கு அடியில் சக்கரம் மாட்டித் தெருவில் இறங்கினார்கள். 1976, 77இல் அங்கே கடும் வறட்சி. பல நீச்சல்குளங்கள் காலியாகக் கிடந்தன. அவற்றின் வளைந்த சுவர்கள் சான்டா மோனிகா பையன்களுக்கு உறைந்த அலைகளாகத் தெரிந்தன. வேலி ஏறிக் குதித்தார்கள். இன்று நாம் வாய்பிளந்து பார்க்கும் செங்குத்து வித்தைகள் பலவற்றுக்கும் வேர் அந்தத் தண்ணியில்லாத குழிகளில் இருக்கிறது.

சரி, தண்ணி வந்துட்டா?

முதலில் போவது பேரிங். ஒரு போர்டில் எட்டு இருக்கும், உள்ளே எஃகுக் குண்டுகள். நனைந்ததை அப்படியே மூலையில் போட்டால் துரு பிடித்துக் கரகரக்கும். செராமிக் குண்டு துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான்; ஆனால் அதைச் சுற்றியுள்ள வளையம் பெரும்பாலும் எஃகுதானே! பலகையோ ஏழு அடுக்கு மேப்பிள் மரம். விளிம்பிலும் ஆணித் துளையிலும் ஈரம் ஏறினால் அடுக்குகள் ஊதிப் பிரியும், துள்ளல் செத்துவிடும். அது காய்ந்தாலும் திரும்பாது.

சக்கரத்தின் கதை தனி. 1970களின் தொடக்கம்வரை களிமண் கலவைச் சக்கரங்கள்தான். சின்னக் கல் பட்டால் போர்டு நிற்கும், ஆள் பறப்பான். ஃபிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் சக்கரங்களைக் கொண்டுவந்த பிறகுதான் தரைமேல் ஒரு பிடி கிடைத்தது. அந்தப் பிடியும் காய்ந்த தரைக்குத்தான். ஈரத்தில் 99ஏ போன்ற கடினச் சக்கரம் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். 78ஏ அளவில் மென்மையான, பெரிய சக்கரம் ஓரளவு தாங்கும். மழைக்கென்று காசைக் கொட்டுவது வீண் என்பேன். பழைய பலகை, பழைய பேரிங், மென்மையான சக்கரம் போதும். வித்தை வேண்டாம், போய்ச் சேர்ந்தால் சரி. சாலையின் பெயின்ட் கோடுகளையும் இரும்பு மூடிகளையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மாதக்கணக்கில் மழை பெய்யும் ஊர்க்காரர்கள் கருவியை மாற்றுவதோடு நிற்கவில்லை, கூரை தேடினார்கள். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் 1990இல் பர்ன்சைடு பாலத்தின் அடியில் யாரிடமும் அனுமதி கேட்காமல் தாங்களே கான்கிரீட் குழைத்துச் சரிவு கட்டத் தொடங்கினார்கள். நகராட்சி பிற்பாடுதான் ஒப்புக்கொண்டது. டோனி ஹாக் வீடியோ கேம் ஆடியவர்களுக்கு அந்த இடம் பழக்கமாக இருக்கும்.

லண்டனில் யாரும் கட்டவே வேண்டியிருக்கவில்லை. தேம்ஸ் கரையில் 1967இல் திறந்த குவீன் எலிசபெத் ஹாலுக்கு அடியில் தூண்களும் சரிவுகளுமாக ஒரு வெற்றிடம் தானாகவே அமைந்திருந்தது. 1970களிலிருந்து அது ஸ்கேட்டர்களின் இடம். 2013இல் அங்கே கடைகள் கட்டத் திட்டம் வந்தது. பதிலுக்குப் பக்கத்திலேயே ஹங்கர்ஃபோர்டு பாலத்தின் அடியில் புது இடம் தருவதாகச் சொன்னார்கள். அங்கேயும் மழை படாது. ஆனாலும் மாட்டோம் என்றார்கள், போராடி 2014இல் பழைய இடத்தையே தக்கவைத்துக்கொண்டார்கள். நாற்பது வருஷம் விழுந்து எழுந்த தரையை விட்டு எப்படிப் போவார்கள்?